'ஐ லாஸ்ட் இட்': சூப்பர்வைசர் எதையும் தொலைக்கவில்லை

சூப்பர்வைசரின் மெசேஜைப் பார்த்து, ஏதோ ஃபைல் தொலைந்துவிட்டது என்று நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். ஃபைலைத் தேட வேண்டாம். 'ஸாரி, ஐ லாஸ்ட் இட் வித் யூ' என்று உங்கள் வாளையார் சூப்பர்வைசர் அனுப்பியது மன்னிப்பு. நேற்று உங்களிடம் நிதானம் இழந்து கத்திவிட்டாராம். பாலக்காட்டுப் பக்கம் மலையாளத்தில் 'கலி கயறி' (கோபம் தலைக்கேறி) என்பார்களே, அதுதான்.

'இட்' என்றதும் ஏதோ பொருள் என்று நினைத்துவிட்டீர்கள். இங்கே அது பொறுமை, அழுகையையோ சிரிப்பையோ அடக்கும் கட்டுப்பாடு, சில நேரம் புத்தி. கை நழுவிப் போவது எதுவோ அது.

எது என்று பார்க்க, பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். பின்னால் 'வித்' போட்டு ஆள் வந்தால் பெரும்பாலும் கோபம். 'அவள் பாட்டி படத்தைப் பார்த்ததும் லாஸ்ட் இட்' என்றால் உடைந்து அழுதாள். ஜோக்குக்குப் பிறகு வந்தால் அடக்க முடியாத சிரிப்பு. 'ஹி இஸ் லூசிங் இட்' என்றால் மனுஷனுக்கு மூளை குழம்புகிறது (நம் 'லூசு' loose என்ற வேறு ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, அதில் ஓ இரண்டு).

ஒன்று, 'சாவி எங்கே?' என்ற கேள்விக்கு 'ஐ லாஸ்ட் இட்' என்று பதில் வந்தால் நிஜமாகவே சாவி தொலைந்துவிட்டது. அப்போது தேடுங்கள்.

பதிலுக்கு 'நோ ப்ராப்ளம் சார்' போதும்.