பாகவதரும் ஒரு வரவேற்பறையும்

அன்புள்ள அக்கா,

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு சிநேகிதன் வீட்டில் பெரிய வாக்குவாதம். சறுக்கி விழுந்த இசைக்காரர் திரும்பி வந்து போட்ட அல்பங்களில் எது திறம்? நான் சந்தானாவின் 'சூப்பர்நேச்சுரல்' என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். உங்களுக்குப் பிடித்தது எது? தமிழில் அப்படி ஏதும் உண்டா? நானும் கல்யாண இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்தவன்தான். தொண்டையில் சத்திரசிகிச்சை, இரண்டு வருஷமாக மேடை ஏறவில்லை.

– ஒரு வாசகர், கொழும்பு 6

அன்புள்ள தம்பி,

சிரித்தவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன், குறை நினைக்காதீர்கள். 1999இல் வந்த அந்த அல்பம் சந்தானாவுக்கு எட்டு கிராமி இசை விருது வாங்கிக் கொடுத்தது உண்மை. ஆனால் பாதிக்கு மேல் விருந்தாளிகள் பாட, அவர் பின்னால் நின்று கிட்டார் வாசிக்கிறார். மாப்பிள்ளையே பந்தி பரிமாறும் கல்யாணம் மாதிரி.

என் தெரிவு அமெரிக்க கண்ட்ரி பாடகர் ஜோனி காஷ், 1994, 'அமெரிக்கன் ரெக்கோர்டிங்ஸ்'. 1958 தொடக்கம் அவருடைய பாட்டுகளை வெளியிட்ட கொலம்பியா கம்பனி 1986இல் அவரைக் கைவிட்டது. பிறகு வேறு கம்பனியில் போட்டவையும் பெரிதாக எடுபடவில்லை. அந்த நேரத்தில், ஹிப்-ஹொப்பும் மெட்டலும் தயாரித்துப் பெயரெடுத்த ரிக் ரூபின் அவரைத் தன் வீட்டு வரவேற்பறையில் உட்காரவைத்து, கிட்டாரோடு தெரிந்ததெல்லாம் பாடச் சொன்னார். டிரம்ஸ் இல்லை, பின்குரல் இல்லை. அறுபதைக் கடந்த மனுஷன், பாவனை எதுவும் இல்லாமல் பாடுகிறார். அடுத்த அல்பத்துக்கு கிராமி கிடைத்ததும், தன் பாட்டைப் போடாத வானொலிக்காரருக்கு 'நன்றி' சொல்லி, தான் நடுவிரல் காட்டும் பழைய படத்தோடு பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. எங்கள் ஊரில் இதைத் தூஷணம் என்பார்கள். நான் ரசித்தேன்.

அமெரிக்கப் பாடகி டீனா டேர்னரின் 'பிரைவேட் டான்சர்' (1984) பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஒன்று மட்டும்: கணவனை விட்டு ஓடியது 1976இல். நடுவில் எட்டு வருஷம் கிடைத்த மேடையிலெல்லாம் பாடிக் கடன் கட்டியிருக்கிறார். அதை யாரும் அல்பமாகக் கணக்கெடுப்பதில்லை.

தமிழில் கேட்டீர்கள். இங்கே பாட்டு சினிமாவுக்குச் சொந்தம். பாடகர் தனியே விழவோ எழும்பவோ இடம் குறைவு. எனக்கு நினைவுக்கு வருவது மீளாத ஒருவர்: எம்.கே. தியாகராஜ பாகவதர். 1944இல் வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட படம். அதே வருஷம் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைது. 1947இல் விடுதலை. 1948இல் 'ராஜமுக்தி' வந்தது, ஓடவில்லை. சிறைதான் அவரைக் கெடுத்தது என்பார்கள். அதே வழக்கில் உள்ளே போய்வந்த கலைவாணர் பிறகும் கொடிகட்டிப் பறந்தாரே! பாகவதரிடம் குரல் இருந்தது. ஆனால் மறுபடியும் ராஜா ராணிக் கதைக்கே போனார். கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தம்புராவோடு உட்காருங்கள் என்று சொல்ல ஒரு ரிக் ரூபின் அவருக்கு வாய்க்கவில்லை.

இன்னொன்று, கட்டாயம் கேளுங்கள்: எங்கட பிள்ளை மாயா, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் ராப் பாடகி, 2007இல் போட்ட 'கலா'. தாயின் பெயர். அமெரிக்காவில் இருந்து பதிவுசெய்ய நினைத்தவருக்கு விசா கிடைக்கவில்லை. சென்னைக்குப் போய் உறுமி மேளத்தைப் பதிந்துகொண்டு வந்தார். முதல் பாட்டிலேயே இளையராஜாவின் 'காட்டுக்குயிலு' துண்டு ஒன்று வெட்டிப் போட்டிருக்கிறது. விசா கொடுத்திருந்தால் அந்த உறுமி கிடைத்திராது என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் தொண்டைக்கு வைத்தியம் சொல்ல நான் ஆளில்லை. டொக்டர் பாடலாம் என்று சொல்லியிருந்தால், பழைய சுருதியைப் பிடிக்கப் போராடாமல் ஒரு கட்டை இறக்கிப் பாடிப் பாருங்கள். கீபோட், ட்ராக் ஒன்றும் வேண்டாம். ஃபோனில் பதிந்து எனக்கு அனுப்புங்கள். காலி வீதி பஸ் சத்தம் உள்ளே வந்தாலும் பரவாயில்லை.