மேற்கு ஆப்பிரிக்கப் புராண சாகசக் கதையை 9 வயதுப் பையனுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பிறந்தநாளுக்கு வந்த பரிசுகளில், மேற்கு ஆப்பிரிக்கப் புராணத்தை வைத்து எழுதிய சிறுவர் சாகச நாவல் ஒன்று இருக்கிறது. புரட்டிப் பார்த்தால் வாயில் நுழையாத பெயர்கள், பேசும் சிலந்தி, காட்டுப் பேய்கள். இப்போதே கொடுக்கலாமா, கொஞ்சம் வளரட்டுமா?

பதில்:

கொடுங்கள். ஆனால் அதற்கு முன் அந்தச் சிலந்தி யாரென்று ஒரு ராத்திரி உட்கார்ந்து நீங்களே கதையாகச் சொல்லிவிடுங்கள்.

நான் அப்படிச் செய்யாமல் மாட்டிக்கொண்டேன். என் மகளுக்கு இதே வகை நாவல் ஒன்றை வாங்கித் தந்தேன். முப்பது பக்கம்கூடத் தாண்டவில்லை. "யாரு யாருன்னே தெரியலம்மா" என்று மூடி வைத்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அனுமனைக் கேள்விப்பட்டே இராத பிள்ளையிடம், கதையின் நடுவில் ஒரு குரங்கைக் கடல் தாண்ட வைத்தால் என்ன புரியும்?

அந்தச் சிலந்தியின் பெயர் அனான்சி. கானா நாட்டு அக்கான் மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்கே சிலந்தி என்றுதான் பொருள். முழுப் பெயர் குவாக்கு அனான்சி. ஒரு சமயம் மனிதன் போல இருப்பான், இன்னொரு சமயம் சிலந்தியாகத் திரிவான். பேராசைக்காரன், சோம்பேறி, வாய்ச்சவடால். ஆனாலும் அக்கான் மக்கள் தங்கள் கதைகளுக்கெல்லாம் 'அனான்செசெம்', அதாவது சிலந்திக் கதைகள் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கே ஒரு கதை உண்டு. நான் மகளுக்குச் சொன்னது அதைத்தான். 1930இல் ராட்ரே என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர், அக்கான் மக்களில் ஒரு பிரிவினரான அஷாந்தி மக்களிடம் கேட்டுத் தொகுத்து வெளியிட்ட வடிவம் அது.

ஆதியில் உலகத்துக் கதைகள் எல்லாம் வானக் கடவுள் நியாமேயிடம் இருந்தன. அவற்றை விலைக்குக் கேட்டு அனான்சி போகிறான். கொகொஃபு, பெக்வாய் போன்ற பெரிய ஊர்களே வந்து வாங்க முடியாமல் திரும்பிப் போயிருக்கின்றன, உன்னால் என்ன ஆகும் என்கிறார் நியாமே. விலை என்ன தெரியுமா? ஒனினி என்ற மலைப்பாம்பு, ஒசெபோ என்ற சிறுத்தை, ஒரு கூட்டம் கதண்டு, அப்புறம் மொவாடியா என்ற காட்டுக் குட்டிச்சாத்தான். எல்லாவற்றையும் பிடித்து வர வேண்டும். அனான்சி அசரவில்லை. போதாததற்கு என் அம்மாவையும் சேர்த்துத் தருகிறேன் என்கிறான்! இந்த இடத்தில் என் மகள் கதையை நிறுத்தி, "ஏன், அம்மா என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி ஆசோவிடம் கேட்கிறான். அவள்தான் வழி சொல்கிறாள். ஒரு பனைமட்டையும் கொஞ்சம் கொடியும் வெட்டிக்கொண்டு மலைப்பாம்பு இருக்கும் பக்கம் போ. அனான்சி போகிற வழியெல்லாம் தனக்குத் தானே வாதாடிக்கொண்டு போகிறான்: "இது அவனைவிட நீளம்... இல்லை, பொய், அவன்தான் நீளம்..." என்ன விஷயம் என்கிறது பாம்பு. என் மனைவி உன்னைவிட இந்த மட்டைதான் நீளம் என்கிறாள் என்கிறான். பாம்புக்கு ரோஷம். கொண்டா, அளந்து பார்ப்போம் என்று மட்டையோடு ஒட்டிப் படுக்கிறது. வாலில் தொடங்கிக் கட்டிக்கொண்டே வருகிறான், தலைவரை.

கதண்டுக்கு ஒரு சுரைக்குடுக்கை. கூட்டின் மேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்து, மீதியைத் தன் தலையிலும் ஊற்றிக்கொண்டு, வாழையிலையைத் தலைக்குப் பிடித்தபடி நிற்கிறான். மழை வந்துவிட்டது, நனையாமல் இதற்குள் வாருங்கள் என்கிறான். அவை நன்றி வேறு சொல்லிவிட்டு உள்ளே போகின்றன. சிறுத்தைக்குப் பள்ளம், அதில் கத்தியும் கொலையும் வருவதால் நான் வேகமாகக் கடந்துவிட்டேன்.

மொவாடியாதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும், சீட்டியடித்துப் பேசும் என்பார்கள். அனான்சி ஒரு மரப்பொம்மை செதுக்கி, அதன் மேல் பிசுபிசுக்கும் மரப்பாலைப் பூசி, கையில் மசித்த கிழங்கை வைத்துவிட்டு ஒளிந்துகொள்கிறான். குட்டிச்சாத்தான் கிழங்கைத் தின்றுவிட்டு மரியாதையாக நன்றி சொல்கிறது. பொம்மை பதில் பேசவில்லை. கோபம் வந்து கன்னத்தில் ஓர் அறை. கை ஒட்டிக்கொள்கிறது. இன்னோர் அறை. அப்புறம் காலால் உதை. முடிந்தது கதை. இதே ஒட்டுப் பொம்மைதான் அடிமைக் கப்பல்களோடு அட்லாண்டிக்கைத் தாண்டி, அமெரிக்கத் தென்பகுதியில் தார்ப் பொம்மையும் முயலும் வரும் கதையானது என்பார்கள். அனான்சியும் அப்படித்தான் ஜமைக்காவுக்குப் போனான். சங்கிலியில் கட்டுண்டவர்கள் ஒரு சிலந்தி சிறுத்தையை ஏமாற்றும் கதையை விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 9 வயதுக்கு அதையும் ஓரளவு சொல்லலாம்.

கேட்ட எல்லாவற்றையும் அனான்சி கொண்டுபோய்க் கொடுத்ததும் நியாமே ஒத்துக்கொள்கிறார். இனி இவை சிலந்திக் கதைகள் என்று அறிவிக்கிறார். என் மகள் கேட்டாள்: "ஐடியா குடுத்தது ஆசோ. பேரு மட்டும் அவனுக்கா?" அந்தக் கேள்விக்காகவே எனக்கு இந்தக் கதை நாவலைவிட உசத்தி.

சரி, பேய் விஷயம். பயப்படுத்தும் இடங்கள் இருக்கும். ஆனால் அஷாந்திக் கதைசொல்லிகளே தொடங்கும்போது, நாங்கள் சொல்லப் போவதை நிஜம் என்று சொல்லவில்லை, நிஜம் என்று சொல்லவில்லை என்று சொல்லித்தான் தொடங்குவார்களாம். நானும் அப்படியே தொடங்கினேன். பாதி பயம் அங்கேயே போய்விடுகிறது.

இன்னொன்றையும் பையனுக்குச் சொல்லி வையுங்கள். மேற்கு ஆப்பிரிக்கப் புராணம் என்று ஒரே மூட்டை கிடையாது. அனான்சி கானாப் பக்கம். நாவலில் இடியை ஆளும் ஷாங்கோவோ ஆற்றுத் தெய்வம் ஓஷுனோ வந்தால், அவர்கள் நைஜீரியாவின் யொருபா மக்களுடைய தெய்வங்கள். ஓஷுனுக்கு ஒஷோக்போ நகரத்தில் ஆற்றங்கரைக் காடே இருக்கிறது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இன்றும் ஆண்டுதோறும் திருவிழா நடக்கிறது. கும்பிடுகிற ஆட்கள் இருக்கிற சாமிகளை வெறும் 'பவர்' பட்டியலாக மட்டும் காட்டும் நாவல்கள் எனக்குப் பிடிப்பதில்லை. உங்கள் கையில் இருப்பது எந்த ரகம் என்று இரண்டு அத்தியாயம் படித்தால் தெரிந்துவிடும்.

பையனுக்கு வீரசாகசம்தான் வேண்டுமென்றால், மாலியின் சுந்தியாத்தா கதையைச் சொல்லுங்கள். 13ஆம் நூற்றாண்டு அரசன். சின்ன வயதில் நடக்க முடியாதவன். அவன் அம்மா குழம்புக்குப் பாவோபாப் இலை இரவல் கேட்டு (மன்னாரில் பெருக்கமரம் என்பார்களே, அதுதான்) அவமானப்பட்டுத் திரும்புகிறாள். அன்றைக்கு ஓர் இரும்புத் தடியை ஊன்றி எழுகிறான், தடி வளைந்துவிடுகிறது. நேராகப் போய் மரத்தையே பிடுங்கித் தோளில் தூக்கி வந்து அம்மா குடிசை வாசலில் போடுகிறான். பிற்பாடு சூனியக்கார அரசன் சுமவோரோவைச் சேவலின் கால்முள் பொருத்திய அம்பால் வீழ்த்துவதெல்லாம் தனி ராத்திரிக்கு உரியது. அதை அவசரமாகச் சொல்லாதீர்கள்.

வாயில் நுழையாத பெயர்களுக்கு எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு கைகொடுத்தது. அக்கான் வழக்கத்தில் பிறந்த கிழமைக்கு ஒரு பெயர் உண்டு. குவாக்கு என்றால் புதன்கிழமைப் பையன். கோஃபி வெள்ளி; ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னானுக்கு அந்தப் பெயர் அப்படித்தான். குவாமே சனி, குவாசி ஞாயிறு, கோஜோ திங்கள், குவாபெனா செவ்வாய், யாவ் வியாழன். உங்கள் மகன் என்ன கிழமை என்று பார்த்து அவனுக்கு ஒன்று வைத்துவிடுங்கள். என் மகள் வியாழன், பெண் பிள்ளைக்கு 'யா'. ஒரு வாரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் சாப்பிட வந்தாள்.