'ஃபியூஷன்' என்ற கருத்தை உங்கள் ஓவியத்திலோ புகைப்படத்திலோ எப்படிக் காட்டுவீர்கள்?

மஞ்சளையும் சுண்ணாம்பையும் வைத்துத்தான் காட்டுகிறேன். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் சிவந்துவிடுகிறதல்லவா? அந்தச் சிவப்பு மஞ்சளிலும் இல்லை, சுண்ணாம்பிலும் இல்லை. இப்படி இரண்டு சேர்ந்து மூன்றாவதாக ஒன்று பிறந்தால்தான் எனக்கு அது ஃபியூஷன். பாதி உடம்புக்குப் பட்டுப்புடவை, மீதிப் பாதிக்கு ஜீன்ஸ் என்று கணினியில் சேர்த்துவைக்கும் படங்கள் வெறும் ஒட்டுவேலை.

நான் காரைக்காலில் பிறந்து, இப்போது இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் சென்-ஆந்த்ரே ஊரில் இருக்கிறேன். இங்கே தமிழ் வம்சாவளியினரை 'மலபார்' என்பார்கள். 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். பலர் ஞானஸ்நானம் பெற்று பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அதே ஆட்கள் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்திலேயே மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள், பாஞ்சாலிக்கு விரதமிருந்து தீ மிதித்தார்கள். அவள் இங்கே 'பாண்டியாலே'. இன்றைக்கும் மாதா கோயிலில் திருமணம் முடித்துவிட்டு, தீமிதிக்கு விரதம் இருக்கும் குடும்பங்கள் உண்டு. கலப்பு இங்கே ரசனையாக மட்டும் வரவில்லை. அன்றைக்குப் பிழைப்பதற்கும் அது தேவைப்பட்டது. கலப்பை வண்ணக் கொண்டாட்டமாக மட்டும் காட்டும் படத்தை என்னால் ஏற்க முடிவதில்லை.

நான் அதிகம் படமெடுப்பது சாலையோரச் சிவப்பு மாடங்களை. உள்ளே இருப்பவர் சென் எக்ஸ்பெதீ, ரோமானியப் போர்வீரன் கோலத்தில் ஒரு கிறிஸ்தவப் புனிதர். அவசரக் காரியங்களுக்கு அவரிடம் வேண்டிக்கொள்வார்கள். சிவப்புத் துணி, மெழுகுவத்தி, பூ எல்லாம் வந்து சேரும். எல்லா இனத்தாரும் வருவார்கள், மலபார்களும் வருவார்கள். ஊரெல்லையில் மதுரைவீரனைக் கும்பிட்டு வளர்ந்த எனக்கு அந்த இடத்தில் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தப் படங்களை மஞ்சளில் அச்சிடுகிறேன். தீவின் தெற்கே ப்ளேன்-தே-க்ரேக் மலைக் கிராமத்தில் விளையும் மஞ்சள்தான். தூளைச் சாராயத்தில் ஊறவைத்து வடிகட்டி, கெட்டியான ஓவியத்தாளில் இருட்டறையில் பூசிக் காயவைக்க வேண்டும். படத்தைக் கண்ணாடித்தாளில் அச்செடுத்து மேலே வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மஞ்சள் வெளுக்கும், நிழல் விழுந்த இடத்தில் நிறம் நிற்கும். நல்ல வெயிலில் சில மணி நேரம் போதும். தாவரச் சாற்றில் படம் பதிக்கும் இந்த முறையை ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-இல் ஆராய்ந்து எழுதினார். அதன்மேல் நான் சேர்ப்பது கடைசிக் கட்டம் ஒன்றைத்தான்: தெளிந்த சுண்ணாம்பு நீரில் தாளை முக்குவது. மஞ்சளாக இருந்த மாடம் கண்ணெதிரே சிவக்கும். காய்ந்ததும் கொஞ்சம் பழுப்பாக இறங்கும். வெங்காரம் (போராக்ஸ்) கரைத்த நீரிலும் இது நடக்கும், ஆனால் எனக்குச் சுண்ணாம்புதான் வேண்டும். நம் வீட்டு வாசலில் கண்ணேறு கழிக்கும் சிவப்பும் அந்தப் புனிதரின் சிவப்பும் ஒரே தாளில் ஒரே நிறமாக நிற்பதைப் பார்க்கும்போது, நான் சொல்ல வந்தது வந்துவிட்டது என்று தோன்றும்.

சிலர் ஒரே ஃபிலிமில் இரண்டு காட்சிகளைப் பதிக்கும் டபுள் எக்ஸ்போஷரைச் சொல்வார்கள். அதுவும் நல்ல வழிதான். முதல் படத்தில் இருண்ட பகுதிதான் இரண்டாவதை வாங்கிக்கொள்ளும், வெளுத்துப்போன இடத்தில் எதுவும் பதியாது. எதற்கு எங்கே இடம்விடுவது என்று முன்கூட்டியே யோசிக்கவைக்கும் என்பதால், தொடங்குபவர்களுக்கு அதையே சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை: மஞ்சள் அச்சை நிலைப்படுத்த வழி கிடையாது. சுவரில் மாட்டினால் வெளுத்துப்போகும். கறுப்பு உறைக்குள் வைத்து, காட்டும்போது மட்டும் எடுங்கள். ஸ்கேன் செய்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குள் படமெடுப்பதாக இருந்தால் பூசாரியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இங்குள்ள குடும்பக் கோயில்களில் சாமி வந்து ஆடுபவரைக் கேட்காமல் எடுத்து, அதைத் தேவாலயப் படத்தோடு கலப்பதை நான் கலை என்று சொல்ல மாட்டேன்.