வீடற்றோர் சேவையில் தலைமைப் பொறுப்பு: கேள்வி பதில்

வணக்கம் மேடம். சமூகப்பணியில் முதுகலை முடித்திருக்கிறேன். நேரடியாக நிர்வாகப் பதவிக்குப் போகலாமா?

போகலாம், தடையில்லை. ஆனாலும் கொஞ்ச காலம் களத்தில் இருங்கள், நைட் ஷிப்ட் உட்பட. நடுராத்திரியில் ஒரு சண்டையை விலக்கிப் பழகாதவர் எழுதும் விதிமுறைகளை ஊழியர்கள் மனதுக்குள் சிரித்துக்கொண்டேதான் படிப்பார்கள். அப்புறம், பட்ஜெட் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

குடிப்பழக்கம் உள்ளவருக்கு முதலிலேயே வீடு கொடுத்தால் வீணாகாதா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய ‘பாத்வேஸ் டு ஹவுசிங்’ என்ற அமைப்பு வழக்கமான வரிசையைத்தான் மாற்றியது. குடியை நிறுத்து, மருந்து சாப்பிடு, பிறகு வீடு என்று சொல்லாமல் முதலில் வீட்டைக் கொடுத்தார்கள். கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், சுமார் 2,000 பேரிடம் இதைச் சோதித்தது. வழக்கமான சேவை பெற்றவர்களைவிட, வீடு பெற்றவர்கள் தெளிவாகவே அதிக காலம் வீட்டில் நிலைத்தார்கள். ஆனால் போதைப் பழக்கத்தில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நிதி கேட்கும்போது இதை மறைக்காதீர்கள். வீடு குடியை நிறுத்தும் என்று வாக்குக் கொடுத்தால், அடுத்த ஆண்டு அந்த வாக்கே உங்கள் கழுத்தைப் பிடிக்கும்.

இன்னொன்று. வாடகை வசூலிப்பவரும் ஆதரவு தரும் ஊழியரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வாடகை பாக்கி வைத்தவர் அந்த ஆளைக் கண்டாலே ஒளிவார். உதவி மிகவும் தேவைப்படும் நேரமே அதுதான்.

தங்குமிடங்களில் படுக்கைகளைக் கூட்டினால் போதாதா என்று எங்கள் கமிட்டியில் கேட்கிறார்கள்.

அவசரத்துக்குப் படுக்கை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பின்லாந்து 2008இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில், பழைய விடுதிகளையே வாடகை ஒப்பந்தத்தோடு கூடிய தனி வீடுகளாக மாற்றினார்கள். தன் பெயரில் ஒப்பந்தம், தன் கையில் சாவி. கமிட்டியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

ஓர் ஊழியருக்கு எத்தனை பேர் வரை கொடுக்கலாம்?

கடுமையான மனநோயோடு நீண்ட காலம் தெருவில் இருந்தவர்கள் என்றால், தீவிர ஆதரவுக் குழுக்களில் வழக்கமான கணக்கு ஓர் ஊழியருக்குப் 10 பேர். தேவை குறைந்தவர்கள் என்றால் 20 வரை போகலாம். 40 கொடுத்துவிட்டு, ‘அர்ப்பணிப்பு இல்லை’ என்று திட்டும் மேலாளர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஊழியர்கள் நிற்பதே இல்லையே, என்ன செய்வது?

சம்பளத்தை முதலில் பாருங்கள். வீட்டு வாடகைக்கே திண்டாடுபவரை வைத்து வீடற்றோர் சேவை நடத்த முடியாது. அடுத்து, பயனாளி ஒருவர் இறந்துபோனால் அந்த வாரமே குழுவை உட்காரவைத்துப் பேசுங்கள். இந்த வேலையில் மரணம் வரும். மறுநாள் வழக்கம்போல ஃபாரம் நிரப்பச் சொன்னால், நல்ல ஊழியர்தான் முதலில் கிளம்புவார்.