நாற்பது வருஷம் ஓடினால் ஃபிரான்சைஸ் ஆகிவிடுமா?

கேள்வி: வாராவாரம் வானொலியில் வரும் 'டாப் 10', 'டாப் 40' பாட்டு வரிசை நிகழ்ச்சி பல வருஷம் ஓடினால், அதைச் சினிமாத் தொடர்களைப் போல ஃபிரான்சைஸ் என்று சொல்லலாமா? எங்கள் வாயனசாலையில் (வாசகசாலையில்) இதற்காக இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம். அமெரிக்க வானொலிகளில் வரும் அமெரிக்கன் டாப் 40, இலங்கை வானொலியில் வந்த இந்திப் பாட்டு வரிசை பினாக்கா கீத்மாலா, இரண்டும் ஃபிரான்சைஸ்தான் என்கிறது ஒரு கட்சி. உள்ளூர்ப் பண்பலையில் இப்படி ஒரு நிகழ்ச்சியைத் தமிழில் தொடங்கும் எண்ணமும் எங்களுக்கு உண்டு.
(வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: ஓடிய வருஷத்தை எண்ணி இதை முடிவு செய்ய முடியாது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பாருங்கள். ராமசேரியில் முதலியார் குடும்பங்கள் மண்பாத்திரத்தில் துணி விரித்து இட்லி வேகவைப்பது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அதை ஃபிரான்சைஸ் என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பெயரையும் செய்முறையையும் எழுத்தில் வைத்து, இந்தப் பலகையை மாட்டு, இந்த அளவில் மாவைக் கரை, மாதம் இவ்வளவு கட்டு என்று கொச்சியில் ஒருவருக்குக் கொடுத்தால் அன்றைக்கு அது ஃபிரான்சைஸ். சினிமாவில் அந்தச் சொல் ஒரே மூலத்திலிருந்து படம், தொடர், பொம்மை என்று கிளைப்பதைக் குறிக்கிறது. இரண்டு பொருளிலும் அடிப்படை ஒன்றுதான்: உரிமை ஓரிடத்தில் இருக்கும், அதை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் பல இடத்தில் இருப்பார்கள்.

ஆகவே நிகழ்ச்சியிலிருந்து தொகுப்பாளரை எடுத்துவிட்டுப் பாருங்கள். பிறகு விளம்பரதாரரை எடுங்கள், நிலையத்தையும் எடுங்கள். பெயரும் அமைப்பும் மிஞ்சி, வேறொருவர் கையில் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

அமெரிக்கன் டாப் 40 இதில் தேறுகிறது. 1970 ஜூலை 4 வார இறுதியில் ஏழு ஊர்களில் மட்டும் தொடங்கியது. எந்த நிலையமும் அதைத் தயாரிக்கவில்லை. வாட்டர்மார்க் என்ற நிறுவனம் தயாரித்து, இசைத்தட்டில் பதித்து, நிலையங்களுக்குத் தபாலில் அனுப்பியது. மூன்று மணி நேரத்துக்கு மூன்று தட்டு, ஆறு பக்கம். பக்கம் ஒன்றுக்கு அரை மணி நேரம் என்று கணக்கு. அதற்குள் உள்ளூர் விளம்பரத்துக்கு இடைவெளி விட்டிருக்கும். எந்தப் பாட்டு எப்போது முடிகிறது, எங்கே விளம்பரம் போட வேண்டும் என்று குறித்த தாளும் கூடவே வரும். மூன்று மணி நேரத்தில் 40 பாட்டு என்றால், பேச்சும் விளம்பரமும் சேர்த்துப் பாட்டுக்கு நாலரை நிமிஷம்தான். பாட்டுகளின் நீளம் கூடிக்கொண்டே போனபோது அது போதவில்லை. 1978 அக்டோபரில் நான்கு மணி நேரமாக்கினார்கள். பட்டியலும் அவர்களுடையது அல்ல. 1991 வரை பில்போர்டு என்ற இசைப் பத்திரிகையின் ஹாட் 100 பட்டியலில் முதல் 40ஐ எடுத்துக்கொண்டார்கள், அதன் பிறகு வேறு பட்டியலுக்கு மாறினார்கள். பட்டியல் மாறியும் பெயர் நின்றது.

உண்மையான சோதனை 1988இல் வந்தது. 18 வருஷம் அதன் குரலாக இருந்த கேசி கேசம், ஒப்பந்தம் ஒத்துவராமல் வெளியேறினார். நிகழ்ச்சியை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் பெயர் அவருடன் போகவில்லை. ஷாடோ ஸ்டீவன்ஸ் அதே பெயரில் தொடர்ந்தார். கேசம் 1989 ஜனவரியில் 'கேசிஸ் டாப் 40' என்று வேறு பெயரில் தொடங்க வேண்டியதாயிற்று. மூல நிகழ்ச்சி 1995இல் நின்று, 1998இல் மீண்டும் கேசம் குரலிலேயே எழுந்தது. 2004 ஜனவரியில் ரயன் சீக்ரெஸ்ட் கைக்கு வந்தது. இதற்கிடையே நாட்டுப்புறப் பாணிப் பாட்டுகளுக்கு அமெரிக்கன் கன்ட்ரி கவுண்ட்டவுன் 1973இல் கிளைத்தது, 1980இல் தொலைக்காட்சிக்கு அமெரிக்காஸ் டாப் 10 வந்தது. குரல் மாறியும் நடுவில் மூன்று வருஷம் நின்றும் பிழைத்த பெயர் இது. கிளையும் விட்டிருக்கிறது. இதை ஃபிரான்சைஸ் என்று தயங்காமல் சொல்லலாம்.

பினாக்கா கீத்மாலாவை அப்படிச் சொல்ல மாட்டேன். இதனால் அதன் மதிப்பு ஒரு துளியும் குறையாது. அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிய 1952இல் இலங்கை வானொலியில் தொடங்கியது அது. பம்பாயில் பதிவு செய்த நாடா விமானத்தில் கொழும்பு போனது. ரெக்கார்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கையும் நேயர் மன்றங்களின் வாக்கையும் சேர்த்து தொகுப்பாளர் அமீன் சயானி வரிசை போட்டார். 1989இல் அகில இந்திய வானொலியின் விவித் பாரதிக்கு மாறி 1994 வரை வந்தது. நிலையம் மாறியும் ஓடியதே என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. நிலையச் சோதனையில் அது தேறுகிறது. மற்ற இரண்டில் தேறவில்லை. பெயரின் முன்பாதி பற்பசையினுடையது. பற்பசை சிபாக்கா ஆனபோது நிகழ்ச்சியும் சிபாக்கா கீத்மாலா ஆனது. குரலோ கடைசிவரை ஒன்றுதான். பிற்காலத்தில் வந்த 'கீத்மாலா கீ சாவ் மே' ஒலித்தொகுப்புகளும் அதே குரலை நம்பித்தான் விற்றன. அமீன் சயானி இல்லாத கீத்மாலாவை யாராலும் இன்னொரு ஊருக்குக் கொடுத்திருக்க முடியாது. அதற்குப் பொருத்தமான சொல் நிகழ்ச்சி என்பதுதான். மகத்தான நிகழ்ச்சி.

இனி உங்கள் திட்டம். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஒப்பந்தமும் வணிகக் குறியும் (டிரேட்மார்க்)தான் கையில் இருக்கும் கருவிகள். பத்தாவது இடத்திலிருந்து முதலிடத்துக்கு எண்ணி வரும் முறைக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. நாளைக்கே வாளையாற்றுக்கு அந்தப்பக்கம் ஒருவர் அதையே செய்யலாம், தடுக்க வழியில்லை. நீங்கள் காப்பாற்றக்கூடியது பெயரைத்தான். அதில் விளம்பரதாரர் பெயரைச் சேர்க்காதீர்கள், அவர் போகும்போது பாதிப் பெயரும் போய்விடும். 'சூப்பர் ஹிட்ஸ்' போன்ற பொதுச்சொல்லைப் பதிவு செய்வதும் கடினம். தனித்த பெயர் வைத்து, அதை வணிகக் குறியாகக் கேளிக்கைச் சேவைகளுக்கான 41ஆம் வகுப்பில் பதியுங்கள். பதிவு பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் யார் பெயரில் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். நிலையத்தின் பெயரிலோ அறிவிப்பாளரின் பெயரிலோ போட்டுவிட்டு, பிறகு உரிமை கேட்டுப் பயனில்லை.

அடுத்து ஒரு மணி நேரத்தின் கணக்கு. பத்துப் பாட்டை முழுசாகப் போட்டால், நாலரை நிமிஷம் வீதம் 45 நிமிஷம் போய்விடும். மீதி 15இல் விளம்பரத்துக்கு எட்டு, பேச்சுக்கு ஏழு. ஏழு நிமிஷத்தில் பத்துப் பாட்டுக்கும் இடம் சொல்லி, போன வாரம் எங்கே இருந்தது என்றும் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் பத்தாவதிலிருந்து ஆறாவது வரை ஒரு சரணத்தோடு நிறுத்துங்கள். முதல் மூன்று இடங்களை வெட்டாதீர்கள், நேயர் காத்திருப்பது அவற்றுக்காகத்தான். வரிசை போடும் விதியையும் (எத்தனை வாக்கு, எந்த நாளோடு கணக்கு முடிப்பு, ஒரு பாட்டு எத்தனை வாரத்துக்குப் பிறகு விலகும்) ஒரு தாளில் எழுதி நிலையத்திடம் கையெழுத்து வாங்குங்கள்.

பாட்டுகள் உங்கள் சொத்து அல்ல. நிலையம் வானொலிக்காகக் கட்டும் உரிமத்தொகையை வைத்துக்கொண்டு, அதே நிகழ்ச்சியை நீங்கள் இணையத்தில் ஏற்ற முடியாது. அதற்கு இசை நிறுவனங்களிடம் தனி அனுமதி வேண்டும். ஒலிபரப்பான வடிவத்தின் மீது நிலையத்துக்கே 25 ஆண்டு உரிமை உண்டு. அதனால் பாட்டில்லாத உங்கள் பேச்சுப் பதிவை மட்டும் தனிக் கோப்பாக உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பதிப்புரிமை உங்களுடையது என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பிற்பாடு சித்தூரிலோ குமுளியிலோ வேறொரு நிலையம் கேட்டால், பெயரோடு கொடுக்க உங்களிடம் இருக்கப்போகும் சரக்கு அதுதான்.