பந்து விளையாடியபின் நொண்டும் லாப்ரடார்: இனச்சேர்க்கைக்கு விடலாமா?

இடுப்பு எக்ஸ்ரே முடிவு தெரியும்வரை உங்கள் ஒன்றரை வயது நாயை இனச்சேர்க்கைக்கு விட வேண்டாம். பந்து எறிந்து ஓடவிடுவதையும் இன்றே நிறுத்திவிட்டு, கயிற்றில் பிடித்தபடி சமதரையில் சீரான நடைக்கு மாற்றுங்கள்.

ஓடும்போது தெரியாத நொண்டல், படுத்து எழுந்ததும் பின்னங்காலில் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியில் இறுக்கமாகப் பொருந்தாமல் தளர்ந்திருக்கும் குறைபாடாக இருக்கலாம். இந்த இனத்தில் அது சகஜம்; பரம்பரையாகக் குட்டிகளுக்கும் வரக்கூடியது என்பதால்தான் இனச்சேர்க்கை வேண்டாம் என்கிறேன்.

நாயை ஓடவிட்டுப் பின்னாலிருந்து கைபேசியில் படமெடுத்துப் பாருங்கள்: இரண்டு பின்னங்கால்களும் முயலுக்குப்போல ஒன்றாகத் தாவினால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் முழங்கால் தசைநார் கிழிந்தாலும் நொண்டும் என்பதால், மருத்துவர் இரண்டையும் பார்க்கட்டும்.

இப்போதைய எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் அவசரப்படாதீர்கள். நாய்களின் எலும்பு, மூட்டுக் குறைபாடுகளைப் பரிசோதித்துச் சான்றளிக்கும் அமெரிக்காவின் ஓஎஃப்ஏ (OFA) அமைப்புகூட 24 மாதம் நிறைந்த பிறகே இறுதி இடுப்புச் சான்று தருகிறது. மனிதர்களுக்கான வலிமாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள்.