கிழங்கில் கண் எங்கே?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டாலியாக் கொத்தைப் பிரித்து, எட்டுக் கிழங்குகளைத் தனித்தனித் தொட்டிகளில் வைத்தேன். இரண்டு மட்டுமே முளைத்தன. மற்ற ஆறும் அழுகவும் இல்லை, முளைக்கவும் இல்லை. இன்னும் காத்திருக்கலாமா?

பதில்: காத்திருந்து பயனில்லை. டாலியாவில் நாம் கிழங்கு என்று சொல்வது உண்மையில் பருத்த வேர். அந்த வேரில் கண் கிடையாது. கண்கள் எல்லாம் பழைய தண்டின் அடியில், கிழங்கின் கழுத்து வந்து சேரும் இடத்தில்தான் இருக்கும். முளைக்காத ஆறும் கழுத்தில் ஒடிந்து, கண் இல்லாமல் வந்தவையாக இருக்க வேண்டும். உள்ளே சேமித்த இனுலின் என்ற உணவுப்பொருளை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், புதிதாகச் சல்லிவேர்கூட விடும், ஆனால் தளிர் வராது. (சர்க்கரைவள்ளியும் பருத்த வேர்தான், அது வேரிலேயே புது மொட்டு உண்டாக்கிக்கொள்ளும். டாலியாவுக்கு அந்தத் திறன் இல்லை.)

அடுத்த முறை கொத்தைத் தோண்டிய உடனே பிரிக்காதீர்கள். அப்போது கண்கள் தெரியாது. நடும் பருவம் நெருங்கும்போது முழுக் கொத்தையும் லேசாக ஈரமான தேங்காய் நார்க்கழிவில், கழுத்துப் பகுதி வெளியே தெரியும்படி வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கண்கள் சிறு பருக்கள் போல உப்பி வரும். பிறகு கூரிய கத்தியால், ஒவ்வொரு கிழங்கோடும் ஒரு கண்ணும் பழைய தண்டின் ஒரு சிறு துண்டும் வருமாறு வெட்டுங்கள். கழுத்து விரிசல் விட்ட கிழங்கை ஒதுக்கிவிடுங்கள். வெட்டிய இடம் ஓரிரு நாள் நிழலில் உலர்ந்த பிறகு, கண் மேலே பார்க்க, 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் படுக்கையாக நடலாம். தளிர் மண்ணுக்கு மேலே வரும்வரை தண்ணீரில் கை அடக்கம் வேண்டும். உறிஞ்ச இலை இல்லாத நேரத்தில் ஊற்றும் தண்ணீர் அழுகலைத்தான் வளர்க்கும்.

கேள்வி: என்னிடம் ஒரே ஒரு அமரில்லிஸ் குமிழம் இருக்கிறது. பக்கக் கன்றே வருவதில்லை. வெட்டிப் பெருக்கலாம் என்கிறார்கள், எப்படி?

பதில்: முடியும். ஆனால் இருப்பது ஒன்றே ஒன்று என்றால் வெட்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நல்ல வெயிலும் உரமும் கொடுத்து, பூத்து முடிந்த பிறகும் இலைகளை நறுக்காமல் விடுங்கள். அடுத்த பருவத்துக்கான சேமிப்பை அந்த இலைகள்தான் குமிழத்தில் நிரப்புகின்றன. கழுத்தும் மேல் மூன்றில் ஒரு பங்கும் மண்ணுக்கு வெளியே இருக்க வேண்டும். குமிழம் பருத்தால் கன்று தானே வரும்.

இரண்டாவது குமிழம் கிடைத்த பிறகு வெட்டிப் பாருங்கள். குறுக்களவு 7, 8 செ.மீ. இருப்பது நல்லது. செதில்களிலோ (குமிழத்தின் வெங்காய அடுக்கு போன்ற பகுதிகள்) இலைகளிலோ சிவப்புத் திட்டுகள் இருந்தால் அது பூஞ்சண நோய். அந்தக் குமிழத்தைத் தொடாதீர்கள். காய்ந்த தோலையும் வேர்களையும் நீக்கி, கழுத்தைச் சீவிவிட்டு, குமிழத்தைத் தலைகீழாகப் பிடித்து, அடித்தட்டின் (வேர்கள் கிளம்பும் தட்டையான அடிப்பகுதி) நடுவே வெட்டுங்கள். இரண்டு, நான்கு, எட்டு என்று ஆரஞ்சுச் சுளை போலப் பிரியும். எல்லாத் துண்டிலும் அடித்தட்டு ஒட்டியிருக்க வேண்டும். செதிலும் தட்டும் சேரும் மூலையில்தான் குட்டிக் குமிழங்கள் பிறக்கின்றன, தட்டு இல்லாத அமரில்லிஸ் செதில் வீண். லில்லி இதற்கு விலக்கு: அதில் பிய்த்தெடுத்த தனிச் செதிலின் அடியிலேயே குட்டி பிறக்கும்.

துண்டுகளைப் பூஞ்சணக்கொல்லிக் கரைசலில் நனைத்து, நீரை வடித்து, ஈரமான வெர்மிகுலைட் (ஈரம் தாங்கும் இலேசான கனிமத் துகள்) நிரப்பிய பாலித்தீன் பையில் போட்டு, உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும்படி கட்டுங்கள். ஈரத்துக்கு ஒரு சோதனை: கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் பத்து நாளில் எல்லாம் சாம்பல் பூசணம்தான். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், இருட்டில், சுமார் 12 வாரம் இருக்கட்டும். வாரம் ஒரு முறை பார்த்து, கொழகொழத்த துண்டை உடனே எடுத்துவிடுங்கள். செதில்களுக்கு இடையே பட்டாணி போல வெள்ளைக் குட்டிகள் தெரிந்ததும், பிரிக்காமல் துண்டோடு நடுங்கள். பழைய செதில் குட்டிக்கு உணவாகி மறையும். பூக்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். தாய்ச்செடியின் அதே நிறம் அச்சாகக் கிடைக்கும். விதையில் அந்த உறுதி இல்லை.

கேள்வி: இஞ்சித் துண்டுகள் முளைப்பதற்கு முன்பே அழுகுகின்றன.

பதில்: துண்டு சிறியதாக இருக்கலாம், அல்லது வெட்டுக்காயம் ஆறாமல் நட்டிருக்கலாம். ஒரு துண்டு 20 முதல் 25 கிராம், 2.5 முதல் 5 செ.மீ. நீளம், ஒன்றிரண்டு திரண்ட கண்கள்: இதுதான் அளவு. லிட்டருக்கு 3 கிராம் மேங்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லி கலந்த நீரில் அரை மணி ஊறவைத்து, நிழலில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்தி, 4, 5 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். கையுறை அவசியம்.

இவ்வளவும் செய்து அழுகினால் வடிகாலைப் பாருங்கள். இஞ்சியை அழுகவைக்கும் பித்தியம் கிருமியின் வித்துகள் தேங்கிய நீரில் நீந்திப் பரவும். நோய் கண்ட செடியின் கிழங்கு வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அதை விதைக்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: செங்காந்தள் கிழங்கின் இரண்டு கவைகளும் உடைந்து தனியாகிவிட்டன. போச்சா?

பதில்: எந்த இடத்தில் உடைந்தது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு கவைக்கும் நுனியில் ஒரே ஒரு முளைமொட்டு உண்டு. கவட்டில் பிரிந்து, நுனி காயமில்லாமல் இருந்தால் இரண்டும் தனிச் செடிகளாகும். நுனி போன துண்டு முளைக்காது. இந்தக் கிழங்கில் கோல்ச்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது; உண்ணும் கிழங்குகளோடு ஒரே இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

கேள்வி: கிளாடியோலஸைத் தோண்டினால் நட்ட கிழங்கு சுருங்கிச் சப்பையாகக் கிடக்கிறது. நோயா?

பதில்: இல்லை. கிளாடியோலஸ் கந்தம் (தண்டின் அடி பருத்து உண்டாகும் கிழங்கு) ஒரு பருவத்தில் தன்னையே செலவழித்து, தன் தலைமேல் புதுக் கந்தத்தை உருவாக்கிவிட்டுச் சுருங்கும். இரண்டு மூன்று வாரம் காற்றாட உலர்த்தினால் பழையது திருகியதும் கழன்றுவிடும், அதை எறிந்துவிடுங்கள். இடையில் ஒட்டியிருக்கும் சிறு மணிகளை எறியாதீர்கள். அவை குட்டிக் கந்தங்கள். ஓடு கடினமாக இருப்பதால், நடுவதற்கு முன் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து 3 செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். முதல் பருவத்தில் புல் போல இலை மட்டும் வரும். பூக்கும் பருமன் வர இரண்டு மூன்று பருவம் ஆகும்.